புத்தகக் கடைக்கு எந்தப் பேட்டை?

சங்கிலி நிறுவனம் எதன் துணையும் இல்லாமல், சொந்த முதலில் ஒரு புத்தகக் கடை திறக்க நினைப்பவர், அலமாரிக்கும் நூல் தேர்வுக்கும் முன்பே தீர்க்க வேண்டியது இடம். எந்த ஊர் என்பதைப் பெரும்பாலும் வாழ்க்கைச் சூழலே முடிவு செய்துவிடும். எந்தப் பேட்டை என்பது மட்டும் அவர் கையில் மிஞ்சும். அதில் தவறினால் திருத்துவது கடினம். அட்வான்ஸ் கொடுத்து, மர வேலை முடித்து, பெயர்ப்பலகை மாட்டிய பிறகு கடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது பாதி முதலை இழப்பதற்குச் சமம்.

பொருளியல் அறிஞர்கள், நகரத் திட்டமிடலை விமர்சித்தவர்கள், சமூகவியலாளர்கள், கடைக்காரர்கள் என்று பலரும் ஒரு நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொதுவாகச் சில்லறை வணிகத்தைப் பற்றியே பேசினார்கள். புத்தகத்துக்கு அந்த விடைகள் எந்த அளவு பொருந்தும் என்பதை இந்தக் கட்டுரை பரிசீலிக்கிறது.

நடமாட்டம் உள்ள இடம்

மிகப் பழைய விடை இது: ஆள் நடமாட்டம் எங்கே அதிகமோ அங்கே கடை போடு. 1929இல் ஹெரால்ட் ஹோட்டலிங் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் இருவர், வாடிக்கையாளரை ஒருவரிடமிருந்து ஒருவர் இழுக்க முயன்று தெருவின் நடுவிலேயே வந்து நிற்பார்கள் என்பது அவர் காட்டிய முடிவு. 1931இல் வில்லியம் ரெய்லி, பெரிய ஊர் சிறிய ஊரின் வாங்குவோரை இழுப்பதற்கு ஈர்ப்பு விசையைப் போன்ற ஒரு விதியை எழுதினார். 1933இல் வால்டர் கிறிஸ்டாலர், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து, ஒவ்வொரு சரக்குக்கும் கடை பிழைக்கத் தேவையான குறைந்தபட்ச மக்கள்தொகை உண்டு என்றார். அரிசிக் கடைக்குச் சில தெருக்கள் போதும். புத்தகக் கடைக்கு ஒரு நகரத்தின் பெரும்பகுதி தேவைப்படலாம். அப்படியானால் நகரம் முழுவதிலிருந்தும் வந்து சேர வசதியான இடமே அதற்கு ஏற்றது.

சென்னையின் பழைய வரலாறு இந்த விடைக்குச் சாதகமாகவே பேசுகிறது. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் மவுண்ட் ரோட்டில் நின்றது. இன்றுள்ள அதன் கட்டடம் 1904இல் எழுந்தது. பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன மூர் மார்க்கெட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. வெளியூரிலிருந்து வந்து இறங்கியவரும் ஊருக்குப் போக வண்டி பிடிக்க வந்தவரும் அதைக் கடந்தே ஆக வேண்டும்.

1958இல் ரிச்சர்ட் நெல்சன் செய்த ஒரு வேறுபாடு இங்கே உதவும். சில கடைகள் தம் சொந்த இழுப்பால் ஆட்களை வரவழைக்கின்றன. சில, பக்கத்துக் கடையின் கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இன்னும் சில, வேறு வேலையாகப் போகிறவர் வழியில் வாங்குவதை நம்பி வாழ்கின்றன. தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் நடத்திய புத்தக நிலையங்கள் மூன்றாம் வகை. அங்கே நடமாட்டமே எல்லாம். ஆனால் தேர்ந்தெடுத்த இலக்கியமும் வரலாறும் சிறுபத்திரிகைகளும் வைக்கும் ஒரு சிறு கடை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ரங்கநாதன் தெருவில் ஒரு நாளில் நெரிபடும் கூட்டத்தில் நூற்றில் எத்தனை பேர் கவிதைத் தொகுப்பு தேடி வந்தவர்கள்? நடமாட்டத்தை எண்ணும் முறை கால்களை எண்ணுகிறது, வாசகரை எண்ணுவதில்லை. இந்த அணுகுமுறையின் முதல் பலவீனம் அது. இரண்டாவது பலவீனம் வாடகை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடையோடு கடையாக

இரண்டாவது விடை: புத்தகக் கடைகள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் போ. ஒரே வகைக் கடைகள் அடுத்தடுத்து இருந்தால், சிதறிக் கிடக்கும்போது விற்பதைவிட அவற்றின் மொத்த விற்பனை கூடும் என்று நெல்சனும் சொன்னார். புத்தகத்தைப் பொறுத்தவரை இதற்குச் சான்றுகள் நிறைய. ஒரே நூலை எல்லாக் கடையும் வைக்க முடியாது. ஒரு கடையில் கிடைக்காததை அடுத்த கடையில் தேடலாம் என்ற நம்பிக்கையே வாசகரை வீட்டிலிருந்து கிளப்புகிறது.

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் இதற்கு நமக்குப் பக்கத்து உதாரணம். 1817இல் இந்து கல்லூரி, 1824இல் சமஸ்கிருதக் கல்லூரி, 1835இல் மருத்துவக் கல்லூரி, 1857இல் பல்கலைக்கழகம் என்று நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, அவற்றைச் சுற்றிப் பாடநூல் கடைகளும் பதிப்பகங்களும் பழைய புத்தகத் தட்டிகளும் வளர்ந்தன.

தோக்கியோவின் ஜிம்போச்சோ இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய உதாரணம். 1880களில் அந்தப் பகுதியில் சட்டப் பள்ளிகள் தோன்றின. பின்னாளில் அவை பல்கலைக்கழகங்கள் ஆயின. மாணவர்களை நம்பிப் பழைய புத்தகக் கடைகள் வந்தன. 1913இல் பெருந்தீ அந்தப் பகுதியை அழித்தது. அதே ஆண்டில் இவனாமி ஷிகேயோ அங்கே ஒரு பழைய புத்தகக் கடை திறந்தார். அதிலிருந்தே இவனாமி பதிப்பகம் பிறந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் அங்கே இருக்கின்றன. யாசுகுனி சாலையில் அவற்றில் பெரும்பாலானவை தென்புறத்தில், வடக்கு பார்த்து நிற்கின்றன. வெயில் நேராக விழுந்தால் அட்டையும் தாளும் வெளிறிவிடும் என்பதே காரணம். பேட்டை மட்டுமல்ல, தெருவின் எந்தப் பக்கம் என்பதும் இந்தத் தொழிலில் ஒரு கேள்வி என்பதை அந்தச் சாலை காட்டுகிறது.

ஜிம்போச்சோ இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. அங்கிருந்த சூவோ பல்கலைக்கழகம் 1978இல் நகரின் மேற்குப் புறநகருக்கு இடம் பெயர்ந்தது. கடைகள் பெயரவில்லை. கல்லூரியால் உருவான தொகுப்பு, ஒரு கட்டத்துக்குப் பின் தன் சொந்த இழுப்பில் நின்றது. கடைக்காரர்கள் தங்களுக்குள் நூல்களை ஏலம் விட்டு மாற்றிக்கொள்ளும் சந்தையும் அங்கேயே நடப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அந்த வகையில் தொகுப்பு வாங்குவோருக்குப் பயன்படுவதைப் போலவே விற்போருக்கும் பயன்படுகிறது.

ஆனால் தொகுப்புகள் சாகாவரம் பெற்றவை அல்ல. நியூயார்க்கின் ஃபோர்த் அவென்யூவில் 1890களில் தொடங்கிய பழைய புத்தகக் கடை வரிசை ஒரு காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டிருந்தது. 1960களுக்குள் அது தேய்ந்து போனது. அதில் பிறந்து இன்றும் பெரிய அளவில் நடப்பது 1927இல் தொடங்கிய ஸ்ட்ராண்ட். அதுவும் 1950களிலேயே பிராட்வேக்கு மாறி, பின்னர் 1990களில் தான் இருந்த கட்டடத்தையே விலைக்கு வாங்கியது. மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீயில் அழிந்தது. வியாபாரிகளுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டும் பழைய கூட்டமும் பெயரும் திரும்பவில்லை. தில்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை, உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் 2019இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. பிழைத்த தொகுப்புகளை மட்டும் வைத்து விதி செய்யும் பழக்கம் இத்துறையில் அதிகம். அழிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தொகுப்பில் சேர்வது நல்லது என்பதோடு அந்தத் தொகுப்பு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

அச்சிட்ட விலையும் ஏறும் வாடகையும்

மற்றக் கடைகளிலிருந்து புத்தகக் கடையைப் பிரிக்கும் மிக முக்கியமான அம்சம், விலை அட்டையிலேயே அச்சிடப்பட்டு வருவது. இதை இடத்தேர்வு பற்றிய எழுத்துகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நூலுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கழிவு தர முடியாது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் அச்சிட்ட விலையே மேல்வரம்பு. ஹோட்டலிங்கின் முடிவை 1979இல் மறுபரிசீலனை செய்த டாஸ்ப்ரெமோன், கப்செவிச், திஸ் ஆகியோர், விலையில் போட்டி இருந்தால் வணிகர்கள் விலகி நிற்கவே விரும்பக்கூடும் என்று காட்டினார்கள். அதன்படி விலைப் போட்டி குறைவான புத்தகத் தொழிலில் கடைகள் ஒட்டி நிற்பது இயல்பு என்று வாதிடலாம். ஆனால் அதே நிலையான விலை இன்னொரு பக்கம் கழுத்தை நெரிக்கிறது. வாடகை அதிகமான தெருவில் காபிக் கடைக்காரர் ஒரு கோப்பைக்குப் பத்து ரூபாய் கூட்டி வைக்கலாம். புத்தகக் கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 300 ரூபாய் நூலுக்குப் பதிப்பாளர் தரும் கழிவு 35 சதவீதம் என்று கொள்வோம், 105 ரூபாய். புத்தகக் காட்சியில் பழகிய வாசகர் 10 சதவீதம் எதிர்பார்ப்பார். அந்த 30 ரூபாய் போனால் மீதம் 75. மாத வாடகை 40,000 என்றால், வாடகைக்கு மட்டும் 534 நூல்கள் விற்க வேண்டும். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 21. உட்புறத் தெருவில் வாடகை 15,000 என்றால் மாதம் 200 நூல்கள், நாளுக்கு 8. சம்பளம், மின்சாரம், திரும்ப அனுப்ப முடியாத சரக்கு எல்லாம் இதற்கு மேல்தான். முதன்மைச் சாலைக்கு மாறுவதால் நாளுக்கு 13 நூல்கள் கூடுதலாக விற்குமா என்பதே உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. சாலையின் பெயரை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது.

நிலத்தை அதிக வாடகை தரக்கூடியவரே பிடிப்பார் என்று 1964இல் வில்லியம் அலோன்சோ விளக்கிய கோட்பாட்டின்படி, சரக்கு மெதுவாக நகரும் புத்தகக் கடை நகர மையத்தில் ஏலத்தில் தோற்க வேண்டும். மையத்தில் இன்று நிற்கும் பழைய கடைகளை ஆராய்ந்தால், சொந்தக் கட்டடம், பழைய வாடகை ஒப்பந்தம், நிலச்சொந்தக்காரரின் பரிவு என்று ஏதாவது ஒன்று அவற்றைத் தாங்குவதைப் பல நேரங்களில் காணலாம். புதிதாக வருபவருக்கு அந்த மூன்றும் கிடைப்பதில்லை. பழைய கடையைப் பார்த்துப் புதிய கடைக்கு இடம் தேடுவது அதனால் ஆபத்தானது.

பழைய கட்டடம்

மூன்றாவது விடை, பழைய கட்டடத்தைத் தேடச் சொல்கிறது. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றி எழுதிய நூலில், நகரத்துக்குப் பழைய கட்டடங்கள் தேவை என்று வாதிட்டார். புதுக் கட்டடத்தின் செலவைச் சூப்பர் மார்க்கெட் தாங்கும். நல்ல புத்தகக் கடை அரிதாகவே தாங்கும் என்பது அவர் கவனிப்பு. இதன்படி, கட்டுமானக் கடன் அடைந்துபோன பழைய வீடுகளும் கலவையான தொழில்களும் நிறைந்த பேட்டையே ஏற்றது. ரிச்சர்ட் பூத் 1960களின் தொடக்கத்தில் வேல்ஸின் ஹே-ஆன்-வை என்ற சிற்றூரில் பழைய தீயணைப்பு நிலையம் போன்ற கைவிடப்பட்ட கட்டடங்களில் புத்தகக் கடைகளைத் தொடங்கி, மலிவான இடம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை நிரூபித்தார். ஸ்காட்லாந்தின் விக்டவுனும் மகாராஷ்டிரத்தின் பிலாரும் பின்னர் வேறுவேறு முறைகளில் அந்த யோசனையைப் பின்பற்றின.

இதற்கு எதிர்வாதம் ஜேக்கப்ஸ் வாழ்ந்த கிரீனிச் வில்லேஜிலேயே இருக்கிறது. புத்தகக் கடையும் ஓவியக் கூடமும் வந்த பழைய பேட்டை பிறகு வசதியானவர்களைக் கவர்ந்தது, வாடகை ஏறியது, கடையால் அங்கே நிற்க முடியாமல் போனது. இதில் புத்தகக் கடை காரணமா, அறிகுறியா என்பது எளிதில் பிரிக்க முடியாதது.

சென்னைக்கு மலிவான இடம் என்பதில் இன்னொரு கண்ணி உண்டு: தண்ணீர். தரைக்குக் கீழ்த்தளமும் தாழ்வான தெருவும் வாடகையில் குறையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நூல்களை இழந்த பதிப்பாளர்கள் பலர். 2016 ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சியே ஜூனுக்குத் தள்ளிப்போனது. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் நீரில் மிதந்தன. இடத்தேர்வு பற்றிய ஐரோப்பிய, அமெரிக்க நூல்களில் மழைநீர் ஒரு காரணியாகப் பேசப்படுவது அரிது. நம் ஊரில் முதல் மாடி என்பது படியேறத் தயங்கும் முதியவரை இழப்பதற்கான விலையா, சரக்கைக் காக்கும் காப்பீடா என்று எடைபோட்டே ஆக வேண்டும்.

வாசகர் குடியிருக்கும் தெரு

நான்காவது அணுகுமுறை, வணிக வீதியை விட்டுக் குடியிருப்பைப் பார்க்கிறது. ரே ஓல்டன்பர்க் 1989இல் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் அப்பால் மக்கள் கூடும் மூன்றாம் இடங்களைப் பற்றி எழுதியபின், சிறு புத்தகக் கடைக்காரர்கள் பலரும் தங்கள் கடையை அந்த வகையில் வைத்துப் பேசத் தொடங்கினார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ரயன் ரஃபேலி, 2009க்கும் 2018க்கும் இடையில் அமெரிக்காவில் தனிக் கடைகள் 1,651லிருந்து 2,470 ஆக உயர்ந்ததை ஆராய்ந்து, அக்கம்பக்கத்தாரோடு உள்ள உறவு, நூல் தேர்வு, கூட்டங்கள் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். அந்த எண்ணிக்கை புத்தக விற்பனையாளர் சங்கத்தின் உறுப்பினர்களைக் கொண்டது என்பதையும், போர்டர்ஸ் என்ற பெரிய சங்கிலி 2011இல் சரிந்து இடம் விட்டதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். நாஷ்வில் நகரில் ஒரு பழைய கடையும் போர்டர்ஸும் மூடிய வெற்றிடத்தில்தான் 2011 நவம்பரில் எழுத்தாளர் ஆன் பேச்செட்டும் கேரன் ஹேஸும் பார்னசஸ் கடையைத் திறந்தார்கள்.

சென்னையில் கே.கே. நகரின் டிஸ்கவரி புக் பேலஸையும் திருவான்மியூரின் பனுவலையும் இந்த வகைக்கு அருகில் வைக்கலாம். இரண்டும் கூட்டங்களுக்கும் நூல் அறிமுகங்களுக்கும் இடம் தந்து பெயர் பெற்றவை. கே.கே. நகர், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் திரைத்துறையின் உதவி இயக்குநர்கள் நிறைய வசிக்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருந்தாலும் நாவலும் சிறுகதையும் தேடிப் படிப்பவர்கள். வருமானக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு வாசகக் கூட்டம் தென்படாது. பேட்டையில் நடந்து, தேநீர்க் கடையில் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டால் தென்படும்.

இங்கே பலவீனம், கூடுவதும் வாங்குவதும் ஒன்றல்ல என்பது. கூட்டத்துக்கு அறுபது பேர் வந்து ஆறு நூல்கள் விற்கும் மாலைகள் எந்தக் கடைக்கும் புதிதல்ல.

கடையே இல்லாத பேட்டை

இருக்கும் வாசகரைத் தேடிப் போவதை ஐந்தாவது அணுகுமுறை கேள்விக்கு உள்ளாக்குகிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சுமார் 14 லட்சம் மக்கள் இருக்க, 2016 இறுதியில் அங்கிருந்த பார்ன்ஸ் அண்ட் நோபிள் மூடியதும் பொதுப் புத்தகக் கடை இல்லாமல் போனது. 2019இல் நோயெல் சாண்டோஸ் அங்கே லிட் பார் என்ற கடையைத் திறந்தார். வாசகர் இல்லாததால் கடை இல்லையா, கடை இல்லாததால் வாசகர் கண்ணுக்குத் தெரியவில்லையா என்ற கேள்வியை அந்தக் கடை நடைமுறையில் எழுப்பியது. வடசென்னையை நினைத்தால் இதே கேள்வி நமக்கும் வருகிறது. வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ தமிழ் நூல்களுக்கு வாசகர் இல்லை என்று யாரும் சோதித்துச் சொன்னதல்ல. சோதிக்காமல் நிலவும் நம்பிக்கை அது. ஆயினும் ஒரு தனிமனிதரின் சேமிப்பை வைத்து அந்தச் சோதனையை நடத்தச் சொல்வது எளிதில் தரக்கூடிய அறிவுரை அல்ல.

எத்தனை ஆண்டு நிற்க முடியும்

மேலே கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. காலத்தைப் பற்றி அவை குறைவாகவே பேசுகின்றன. எனக்குப் படுவது, புத்தகக் கடையைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதே. துணிக்கடை ஒரு தீபாவளியில் தன்னை நிலைநாட்டிவிடலாம். புத்தகக் கடையின் வாசகர் கடைக்காரரின் ரசனையை நம்பப் பழக வேண்டும். கடைக்காரரும் பேட்டை என்ன படிக்கிறது என்று கற்க வேண்டும். 2011இல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் நிறுவனத்தை ஏற்ற ஜேம்ஸ் டான்ட், நூல் தேர்வை அந்தந்தக் கிளையிடமே விட்டு அந்தச் சங்கிலியை மீட்டார். கடைகள் பெரும்பாலும் அதே தெருக்களில்தான் இருந்தன. பேட்டையோடு பொருந்தும் விதம் மாறியது.

அந்தப் பொருத்தம் உருவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்றால், பதினோரு மாத ஒப்பந்தத்தில், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வாடகை ஏறும் இடம், எவ்வளவு நல்ல பேட்டையாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது. நீண்ட கால ஒப்பந்தம் கிடைக்கும் இரண்டாந்தர இடம், அது கிடைக்காத முதல்தர இடத்தைவிட மேலாக இருக்கக்கூடும். எல்லா நிலைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் 1971 முதல் இயங்கிய பிரீமியர் புக்‌ஷாப் 2009இல் மூடியபோதும், பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகள் அங்கே தழைத்தன. ஒரு கடை உருவாக்கிய வாசகரைப் பேட்டை தக்கவைத்து அடுத்த கடைக்குக் கொடுக்கும் என்றால், ஒரு தனிக் கடையின் ஆயுளை மட்டும் அளவுகோலாக வைப்பது போதாது.

தீராமல் நிற்பவை

மூன்று கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. முதலாவது, தபாலிலும் கூரியரிலும் போகும் விற்பனை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கித் தென்காசிக்கும் தருமபுரிக்கும் அனுப்பும் கடைக்கு நகர மையத்தின் பயன் என்ன? அந்தப் பங்கு வளர வளர, பேட்டை என்பது விற்பனை இடம் என்பதிலிருந்து கடைக்கு ஒரு முகமும் பெயரும் தரும் இடமாக மாறலாம். அதற்கு எவ்வளவு வாடகை தகும் என்பது கணக்கிடப்படவில்லை.

இரண்டாவது, தமிழ்நாட்டுக்கே உரிய புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கிய சென்னைக் காட்சியோடு, 2022 முதல் அரசின் ஆதரவில் மாவட்டந்தோறும் காட்சிகள் நடக்கின்றன. ஆண்டு முழுவதற்குமான பட்டியலை வைத்துக்கொண்டு காட்சியில் மொத்தமாக வாங்கும் வாசகர், பேட்டைக் கடைக்கு இழப்பா? காட்சியில் முதல் நூலை வாங்கிய பள்ளி மாணவர் பின்னால் கடை தேடி வருவாரா? இரண்டும் நடக்கக்கூடியவை. எது மிகும் என்பது ஊருக்கு ஊர் மாறலாம்.

மூன்றாவது, பொது நிலம். பாரிஸ் மாநகராட்சி, செமாயெஸ்ட் என்ற தன் நிறுவனத்தின் வழியே லத்தீன் குவார்ட்டரில் தரைத்தளக் கடைகளை வாங்கி, புத்தகக் கடைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் சந்தையைவிடக் குறைந்த வாடகையில் கொடுத்தது. அப்படியும் செயின்ட் மிஷேல் சதுக்கத்தின் புகழ்பெற்ற ஜிபெர் ஜன் கடைகள் 2021இல் மூடியதை அது தடுக்கவில்லை. சென்னை மாநகராட்சியின் வணிக வளாகங்களிலும், கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவற்றின் வளாகங்களிலும் தனிக் கடைகளுக்கு நீண்ட கால ஒப்பந்தத்தில் இடம் ஒதுக்கலாம் என்ற யோசனை விவாதிக்கத் தக்கது. யாருக்கு ஒதுக்குவது, எந்த நூல் வைக்கலாம் என்பதில் அதிகாரி தலையிடாமல் எப்படிக் காப்பது, அதே தெருவில் முழு வாடகை கொடுத்து நடத்தும் பழைய கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பவை அந்த விவாதத்தில் முதலில் வர வேண்டியவை.